மறு: 23 ஓம் ‘மின்தடை’யா, ‘தடை’யா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கான பயிற்சித்தாள் வியாழனன்று அச்சுக்குப் போக வேண்டும். கணக்கு எளியது. 230 வோல்ட் இணைப்பில் ஒரு கெட்டில் 10 ஆம்பியர் இழுத்தால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க 23 ஓம் வரும். இரண்டையும் பெருக்க 2300 வாட் வரும். மின்னோட்டத்தைக் கெட்டில் தடுக்கும் அளவான (resistance) அந்த 23 ஓமுக்கு என்ன பெயர் என்பதில்தான் இத்தனை மடல்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலைப் பின்பற்றி ‘மின்தடை’ என்று கரும்பலகையில் எழுதினேன். மின்சாரம் தடைபடுவதுதானே மின்தடை என்று சொல்லைப் பிரித்துப் பார்த்த ஒரு மாணவி, அது லோட் ஷெட்டிங்கை, அதாவது இங்கே அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவதை, குறிப்பதாக எடுத்துக்கொண்டாள். அவள் மேல் பிழையில்லை. ‘நாளை மின்தடை’ என்று தமிழ்நாட்டு நாளிதழ்களும் அந்தப் பொருளில்தான் அறிவிக்கின்றன. அட்டவணை பார்த்து அடுப்பேற்றிய வீடுகளின் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லை வேறு பொருளில் கொண்டுபோவது வீண் போராட்டம்.

‘மின்’ என்பது தொழிற்பெயர்போல் உகரச் சாரியை (இடையே சேரும் ‘உ’) பெறும் என்னும் நன்னூல் விதிப்படி ‘மின்னுத்தடை’ என்றே எழுத வேண்டும் என்கிறார் நம் மடற்குழுவின் மதுரை ஐயா. விதி சரியே. ஆனால் அந்த விதியைக் கைக்கொண்டால் மின்தூக்கி, மின்கம்பி, மின்கட்டணம் என எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். அவ்வாறு திருத்திய பிறகும் மாணவியின் குழப்பம் அப்படியே இருக்கும்.

இலங்கைப் பாடநூல்களில் படித்த நண்பர் காட்டிய வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தடு என்னும் வினையிலிருந்து தடை. அந்தப் பண்புக்காகச் சுற்றில் பொருத்தும் உறுப்பு தடையி. பாடமே மின்சாரம் பற்றியது என்பதால் ‘மின்’ என்னும் முன்னொட்டு அங்கே தேவைப்படவில்லை. விளக்கு அணைவதை மின்வெட்டு என்று சொல்லிவிட்டால் இரண்டும் மோதாது.

கெட்டில் நொடிக்கு எடுக்கும் ஆற்றலான (power) 2300 வாட்டின் பெயரில்தான் இன்னும் இணக்கமில்லை. தமிழ்நாட்டில் அது திறன், இலங்கையில் வலு. அழுத்தம் 207 வோல்ட்டாக இறங்கினால், அதே 23 ஓமில் ஓட்டம் 9 ஆம்பியராகி, பெருக்கல் 1863 வாட் தருகிறது. அழுத்தம் பத்து விழுக்காடு குறைய, இது பத்தொன்பது விழுக்காடு குறைகிறது. தண்ணீர் கொதிக்க நேரமாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு ‘வலு குறைந்தது’ என்றால் உடனே விளங்கும். ‘திறன் குறைந்தது’ என்றால் கெட்டில் பழுதாகிவிட்டது என்றே தோன்றும்; பயனுறுதிறன் (efficiency) என்னும் வேறோர் அளவும் பின்னால் வர இருக்கிறது. வள்ளுவர் வலியறிதல் என்று அதிகாரமே வைத்திருக்க, ‘மின்வலி’ ஏன் ஆகாது என்று கேட்டவருக்கு ஒரு சொல்: இன்று வலி என்றால் பிள்ளைகள் நோவைத்தான் நினைப்பார்கள்.

‘தடை’க்கு நால்வர் உடன்பட்டுவிட்டீர்கள். ‘வலு’வை நான் அச்சிடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘திறன்’ என்பதையும் அருகில் சேர்க்கிறேன். சென்னைப் பாடநூலைத் திறக்கும் நாளில் மாணவர் தடுமாறுவர் என்னும் மதுரை ஐயாவின் மறுப்புக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அவருக்கு இசைவான மாற்று எவரிடமாவது இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.