பேட்மிண்டன் புத்தியை எப்படி மாற்றுவது?

வணக்கம். 11 வருடம் போட்டிகளில் பேட்மிண்டன் ஆடினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். இப்போது 6 மாதமாக இம்ப்ரோவ் நகைச்சுவை (எழுதி வைத்த வசனம் இல்லாமல், மேடையிலேயே உருவாக்கி நடிப்பது) பழகுகிறேன். அப்புறம் நடிப்புக்கும் வர ஆசை.

எதிராளிக்கு எட்டாத இடமாகப் பார்த்து அடித்தே பழகிய கை இது. இம்ப்ரோவிலோ கூட நடிப்பவருக்கு எட்டும்படி போட வேண்டும். அவர் சொன்னதை ஏற்று, மேலே ஒன்று சேர்க்க வேண்டும். நேற்று ஒருவர், "டாக்டர், என் நிழலைக் காணோம்" என்றார். நான் பட்டென்று, "நான் டாக்டரே இல்லை" என்றேன். சிரிப்பு வந்தது. காட்சி அங்கேயே படுத்துவிட்டது.

(இம்ப்ரோவ் ஆசான் கீத் ஜான்ஸ்டன், அணிகள் மோதும் இம்ப்ரோவ் போட்டியான தியேட்டர்ஸ்போர்ட்ஸை உருவாக்கியதே தொழில்முறை மல்யுத்தத்தைப் பார்த்துத்தான் என்று படித்தேன். கொஞ்சம் தெம்பு!)

விளையாட்டிலிருந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த ஜெயிக்கும் வெறியை அடக்க எந்தப் பயிற்சி உதவியது? வசனம் வைத்து நடிக்கும் வகுப்பில் இப்போதே சேரலாமா, பொறுக்கலாமா?