பாதி உருகிய குழம்பை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்

பொம்மனஹள்ளி பேச்சிலர்:

மதுரையிலிருந்து அம்மா மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் குழம்பு ஏற்றிவிடுவார். சமைத்து, ஆறவைத்து, டப்பாவில் ஊற்றி, இரண்டு நாள் ஃப்ரீசரில் கல்லாக்கி, பேப்பர் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டி அனுப்புவார். விடியற்காலை 6 மணிக்கு வாங்கும்போதும் கல்லாகவேதான் இருக்கும். இந்தத் தடவை கிருஷ்ணகிரி தாண்டி பஸ் மக்கர் பண்ணிவிட்டது. பெட்டி என் கைக்கு வந்தபோது மணி 11.

மொத்தம் 5 டப்பா. இரண்டு மீன் குழம்பும் ஒரு கறிக்குழம்பும் ஓரமெல்லாம் இளகியிருக்கின்றன. ஆட்டினால் நடுவில் ஐஸ் கட்டி கடகடவென்று உருளுகிறது. கோலா உருண்டையில் ஐஸ் இல்லை, தொட்டால் லேசாக ஜில்லென்று இருந்தது. மேலடுக்கில் இருந்த இறால் தொக்கில் அந்த ஜில்லும் இல்லை. அம்மாவிடம் கேட்டால் "நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் செத்துரும்டா" என்கிறார். ஆபீஸில் பக்கத்து சீட்காரரோ, உருகியதை மறுபடி உறையவைத்தால் விஷம் என்கிறார். இப்போதைக்கு ஐந்தையும் ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

வேளச்சேரி பாட்டி:

தம்பி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் துருவிய தேங்காய், பட்டாணி, மகன் வாங்கிவைத்த கோழி. நான் செய்த முதல் தப்பு, இன்னும் ஜில்லென்று இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தது. கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்குமாம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே ஃப்ரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான் கணக்கு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

கரண்ட் வந்த மறுநாள் திறந்து பார்த்தால் எல்லாம் இறுகி, ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. காட்டிக்கொடுத்தது பட்டாணிதான். குலுக்கினால் சோழி மாதிரி சலசலக்கும் பாக்கெட், ஒரே செங்கலாகிவிட்டிருந்தது. அப்புறம்தான் கோழியைப் புரட்டிப் பார்த்தேன். கவருக்கு அடியில் சிவந்த தண்ணீர் தகடாக உறைந்து கிடந்தது. அத்தனையையும் கொட்டினேன். மகனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதிலிருந்து ஃப்ரீசரில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் பார்ப்பது அதைத்தான். நாணயம் கிண்ணத்தின் அடியில் போய் உறைந்திருந்தால், நான் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

அண்டா தூக்கி:

12 வருடமாக கேட்டரிங் கிச்சனில் இருக்கிறேன். பேச்சிலர், உங்கள் அம்மாவும் பாதி சரி, பக்கத்து சீட்டும் பாதி சரி.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் சும்மா கிடக்கும். உருகினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதனால் நாங்கள் எத்தனை தடவை உறைந்தது என்று எண்ணுவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எத்தனை நேரம் கிடந்தது என்றுதான் பார்ப்போம். பொதுவாக 2 மணி நேரம். வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் முதலாளி அழுதாலும் கொட்டுவோம்.

கொதித்தால் கிருமி செத்துவிடும், அம்மா சொன்னது அதுவரைக்கும் உண்மை. ஆனால் சில கிருமிகள் பெருகும்போது கக்கிவைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது. மூக்கிலும் கையிலும் ஒட்டியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் அந்த ஜாதி. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னொன்று. மீந்த சோற்றை அண்டாவோடு மூடிவைத்தால் நடுவில் மணிக்கணக்கில் சூடு ஆறாது, அதுதான் அதற்குக் கொண்டாட்டம். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து உள்ளே தள்ளுவது அதனால்தான்.

உங்கள் டப்பாக்களுக்கு வருவோம். நடுவில் ஐஸ் இருக்கும் மூன்றையும் தாராளமாக மறுபடி உறையவைக்கலாம். ருசி கொஞ்சம் அடிவாங்கும். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைப்பதால் ஐஸ் பெரிய ஊசி ஊசியாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கிழியும். கறி தாங்கும். மீன் குழம்பில் குழம்பு பிழைக்கும், மீன் உதிரும். தொக்கை யோசிக்காமல் கொட்டுங்கள். கோலாவை வந்தவுடனே தெர்மாமீட்டர் குத்தி அளந்திருந்தால் ஏதாவது சொல்லலாம். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இப்போது அளந்து பிரயோஜனம் இல்லை. நானாக இருந்தால் அதையும் கொட்டுவேன்.

அம்பத்தூர் நைட் ஷிஃப்ட்:

நான் பட்டவன். ஏப்ரல் மாதம், ஃப்ரீசரில் இருந்த பிரியாணியை காலை 8 மணிக்கு எடுத்து மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மதியம் சாப்பிடலாம் என்று எண்ணம். எழுந்தபோது மணி 4. வாசனை பிரமாதமாகத்தான் இருந்தது, அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்கிறவர்கள் கவனிக்கவும். ஆவி பறக்கச் சூடாக்கிப் பாதியைத் தின்றேன், மீதியை மறுபடி ஃப்ரீசரில் வைத்தேன். 7 மணிக்கு ஆரம்பித்த வாந்தி நள்ளிரவில்தான் நின்றது. ஃப்ரீசர் மேல் தப்பில்லை, அந்த எட்டு மணி நேரம்தான். அந்த மீதி பாதியை ஒரு வாரம் கழித்து என் ரூம்மேட் சாப்பிடப் போனான், நல்லவேளை பார்த்துவிட்டேன்.

ஹரோ அக்கா:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பாக்கெட்டிலேயே, உருகினால் திரும்ப உறையவைக்க வேண்டாம் என்று அச்சடித்திருப்பார்கள். பச்சை இறைச்சி உருகினால் சமைத்த பிறகுதான் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம் என்பது இங்கத்தை உணவுத் தர முகமையின் விதி. அமெரிக்க விவசாயத் துறையோ, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து உருக்கியது என்றால் பச்சையாகவே திருப்பி வைக்கலாம், தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ உருக்கியது என்றால் சமைத்துவிட்டு வை என்கிறது. டெக்சாஸில் இருக்கும் தங்கச்சியும் நானும் இதற்காகவே ஃபோனில் சண்டை பிடித்திருக்கிறோம்.

இரண்டு நாட்டுக்காரரும் ஒத்துப்போகிற விஷயம் தாய்ப்பால். ஒருமுறை உருகினால் திரும்ப உறையவைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என் மகள் பிறந்த புதிதில், அவ்வளவு பாடுபட்டு எடுத்த பாலை சிங்கில் ஊற்றிவிட்டு அழுதிருக்கிறேன். அதோடு பார்த்தால் தொக்கு பெரிய விஷயமில்லை தம்பி.

அண்டா தூக்கி:

அக்கா சொன்னதில் ஃப்ரிட்ஜுக்குள் உருக்குவதைத்தான் நாங்களும் செய்வோம். முந்தின நாள் இரவே கீழ்த்தட்டில், ஒரு தட்டத்தின் மேல். மேல்தட்டில் வைத்தால் கோழித் தண்ணீர் கீழே இருக்கும் தயிரில் சொட்டும். பேச்சிலர், மறுபடி உறையவைக்கும் முன் டப்பாவைத் திறந்து கரண்டி விட்டுக் கலக்காதீர்கள். அப்படியே உள்ளே போகட்டும்.

பொம்மனஹள்ளி பேச்சிலர்:

சரி, முடிவு சொல்லிவிடுகிறேன். கறிக்குழம்பும் ஒரு மீன் குழம்பும் ஃப்ரீசருக்குள் போயாச்சு, மேலே தேதி எழுதி. இன்னொரு மீன் குழம்பை நேற்று இரவே கொதிக்கவைத்துச் சாப்பிட்டேன், இன்று ஆபீஸ் வந்துவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன். பாட்டி, கிண்ணமும் நாணயமும் வைத்தாச்சு. ரூம்மேட் அதை ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

தொக்கைக் கொட்டும்போது அவ்வளவு வருத்தமில்லை. கோலா உருண்டைதான்... 16 இருந்தது, எண்ணிவிட்டுக் கொட்டினேன். இரவு அம்மா ஃபோன் பண்ணி "தொக்கு எப்படிடா இருந்துச்சு" என்றார். அருமை என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் இரண்டு டப்பா வருகிறது.