மறு: அகழாய்வு மண்ணை நீரில் பிரிக்கும் முறைக்கு ஒரு சொல்

> ‘ஃப்ளோட்டேஷன்’ என்பதற்கு ‘மிதவைப் பிரிப்பு’ என்று வைத்து முடித்துவிடலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மிதவை என்றதும் தெப்பமும் தூண்டில் தக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பொருளின் பெயர். நமக்கு வேண்டியது ஒரு வேலையின் பெயர். அந்த வேலை களத்தில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

துருக்கியின் கோன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹோயுக்கை எடுத்துக்கொள்கிறேன். பொ.ஆ.மு. 7100 வாக்கில் குடியேறியவர்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வீட்டின் மேல் வீடு கட்டி வாழ்ந்த புதிய கற்கால ஊர் அது. கிழக்கு மேடு மட்டும் சுமார் 21 மீட்டர் உயரம். 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட் அங்கே தோண்டினார். பிறகு 1993இல் தொடங்கி கால் நூற்றாண்டு, இயன் ஹாடர் தலைமையில் கோடைதோறும் குழு கூடியது. அங்கே கோடையில் மழை அரிது. திறந்து வைத்த பச்சைச் செங்கல் சுவர் கரையாமல் நிற்கும்.

அடுப்புச் சாம்பல், தரை, குப்பைக்குழி என ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்து, சீட்டுக் கட்டித் தொட்டிக்குக் கொண்டுவருவார்கள். தொட்டிக்குள் நுண்வலை விரித்திருக்கும். அடியிலிருந்து நீர் மேல்நோக்கிப் பாயும். மண்ணைக் கொட்டிக் கையால் மெல்லக் கலக்கினால் களி கரைந்து வலைக்குக் கீழே இறங்கிவிடும். கரிந்த விதை நுண்துளை நிறைந்தது, எடை குறைந்தது. அது மேலே எழும்பி, விளிம்பில் வழியும் நீரோடு போய் மெல்லிய துணியில் தங்கும். பார்த்தால் வெறும் கரித்தூள்தான். எம்மர் கோதுமை, பட்டாணி, மைசூர்ப்பருப்பு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. துணியை முடிந்து நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் சட்டென்று காய்ந்து விதை வெடித்துவிடும். எண்ணாயிரம் ஆண்டு தாங்கியது ஒரே பகலில் தூளாகிவிடும். வலையில் நின்றது வேறு உலகம்: எரிமலைக் கண்ணாடிச் சில்லு, மீன்முள், எலி எலும்பு, சிறு மணி. அதைக் காயவைத்து இடுக்கியால் பொறுக்குவார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

‘நீரரிப்பு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அரிசி அரிக்கிற கை தெரிந்தவர்களுக்கு அது இனிக்கும், எனக்கும் பிடித்தது. ஆனால் அதே அகழாய்வு அறிக்கையில் மண்ணரிப்பும் வரும். மேட்டின் சரிவு நீரரிப்பால் சிதைந்தது என்று ஒரு பக்கத்தில், நீரரிப்பில் கோதுமை கிடைத்தது என்று மறு பக்கத்தில் எழுத முடியாது. முறத்தில் புடைத்துப் பிரிப்பதைச் சொல்லும் ‘கொழித்தல்’ அழகான சொல். இன்று அதைக் கேட்டால் செல்வச் செழிப்புதான் தோன்றும். ‘நுரை மிதப்பு முறை’ வேதியியல் பாடநூலில் தாதுவை அடர்ப்பிக்கும் முறைக்கு உரியது, அதைத் தொட வேண்டாம்.

என் முன்மொழிவு ‘மிதப்பெடுப்பு’. கணக்கெடுப்பு என்கிற வாய்ப்பாட்டில் அமைந்தது, விளக்காமலே புரியும். வினையாகவும் நடக்கிறது: “அடுப்படி மண்ணை மிதப்பெடுத்தாயிற்றா?” என்று களத்தில் தயங்காமல் கேட்கலாம். கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியவில்லை. ‘மிதவைப் பிரிப்பு’ இந்த இடத்தில் ‘மிதவைப் பிரிப்புச் செய்தாயிற்றா’ என்று தடுக்கி விழுகிறது.

துணியில் தங்குவதை ‘மிதப்பு’ என்றே சொல்லிவிடலாம். வலையில் நிற்பதற்குக் ‘கப்பி’. மாவு சலித்தபின் சல்லடையில் நிற்கும் கரடுமுரடுக்கு வீடுகளில் வழங்கும் சொல்தான். கிணற்றுக் கப்பியோடு குழம்பும் என்று சிலர் சொல்லக்கூடும். விதையும் எலும்பும் பேசுகிற பக்கத்தில் யாரும் உருளையை நினைக்கமாட்டார்கள். ‘கனப் பகுதி’, ‘இலேசான பகுதி’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஆய்வகச் சீட்டில் எழுதக்கூட நீளம்.

உலர்ந்த மண்ணைச் சல்லடையில் போடுவது ‘சலிப்பு’ என்று முன்பே எழுதியிருக்கிறோம். அது மனச்சலிப்பாகப் படிக்கப்படுவதால் ‘சலித்தெடுப்பு’ என்று மாற்றினால் இரண்டும் இணையாக நிற்கும். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் நான்கையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.