நிலோடினிப் எடுப்பவருக்கு நடக்கும்போது கெண்டைக்கால் வலி: இரத்த உறைவா?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு வயது 61. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்காக நான்கு ஆண்டுகளாக நிலோடினிப் 300 மில்லிகிராம், காலையும் இரவும் வெறும் வயிற்றில் எடுத்து வருகிறார். இரத்தத்தில் எஞ்சியிருக்கும் புற்றுநோயைக் காட்டும் பிசிஆர் அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டு மாதங்களாகத் தெருமுனையை எட்டுவதற்குள் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. சற்று நின்றால் விட்டுவிடுகிறது. வீக்கம் இல்லை. முன்பு இல்லாத சர்க்கரையும் இப்போது எல்லையைத் தொட்டிருக்கிறது. புற்றுநோயாளிகளுக்கு இரத்தம் உறையும் என்கிறார்களே, இது அதுதானா? மாத்திரையைச் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

மறுமொழி 1:
நீங்களாக நிறுத்த வேண்டாம். சிரையில் இரத்தம் உறைந்தால் பெரும்பாலும் கால் வீங்கிச் சூடாகும், ஓய்வெடுத்தாலும் வலி எளிதில் அடங்காது. நடந்தால் பிடித்து, நின்றால் விடும் வலியோ, தமனி சுருங்கியதால் உழைக்கும் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். நிலோடினிப் சிலருக்குக் கொழுப்பையும் சர்க்கரையையும் உயர்த்தும், கால் தமனிகளில் அடைப்பையும் உண்டாக்கும் என்பதால், அந்தச் சர்க்கரையையும் இந்த வலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தப் புற்றுநோய்க்கான இவ்வகை மருந்துகளில், தமனி அடைப்பைப் பொறுத்தவரை மிகக் கடுமையானது பொனாடினிப். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்தின் விற்பனை, தமனி அடைப்புகள் மிகுந்ததால் 2013 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. புற்றுநோய் அணுக்களில் டி315ஐ என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அன்று வேறு நல்ல மாத்திரை இல்லாததால், கடும் எச்சரிக்கைகளுடன் அதற்கு மீண்டும் இடம் கொடுத்தார்கள். உங்கள் தந்தைக்குக் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை போதும், விகிதம் 0.9 அல்லது அதற்கும் குறைவானால் அடைப்பு என்று கொண்டு, டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்.

மறுமொழி 2:
இதே மருந்தில் எனக்கும் இதே வலி வந்தது. மூட்டுத் தேய்மானம் என்று எண்ணி ஓராண்டு தைலம் தடவியே காலத்தைக் கழித்தேன். பிறகு மருத்துவர் இதே நோய்க்கான இன்னொரு மருந்தான இமாடினிப்புக்கு மாற்றிப் பிசிஆர் அளவைக் கண்காணித்து வருகிறார். கொழுப்புக்கு மாத்திரை எழுதுபவரிடம் நிலோடினிப் எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிம்வாஸ்டாடினை அதனுடன் சேர்த்தால், அது உடலில் தேங்கித் தசைகளைப் பாதிக்கக்கூடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பா முப்பது ஆண்டுகள் புகைபிடித்தவர் என்பதை எழுத விட்டுவிட்டேன். மருத்துவரைப் பார்க்கும்வரை ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

மறுமொழி 1:
அதை எழுதாமல் விட்டீர்களே! நிலோடினிப் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டும் ஆஸ்பிரின் கொடுங்கள். இந்த வாரமே காட்டுங்கள். இதற்கிடையில் பாதம் திடீரென்று குளிர்ந்து வெளிறி மரத்துப்போனால், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், சில மணி நேரத் தாமதத்தில்கூடக் காலை இழக்க நேரிடலாம்.