"சாய்வுப் படம்" பொருந்துமா? - மாற்றுச் சொல் ஒன்று

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சன்னல் வழியே வீரர்கள் கைக்கேமராவால் சரிவாக எடுக்கும் புவிப் படங்களுக்குச் "சாய்வுப் படம்" என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டுள்ளது. சொல் சுருக்கமானதுதான். ஆனால் பாறை அடுக்கொன்று கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதையும் நிலவியலில் "சாய்வு" என்றே சொல்கிறோம். 1965-இல் ஜெமினி 4 விண்கல வீரர்கள் படமெடுத்த, மொரித்தானியாவின் ரிச்சாட் என்ற வளைய வடிவப் பாறை அமைப்பை எண்ணிப் பாருங்கள். குவிமாடம்போல் மேலெழும்பிப் பின் அரிக்கப்பட்ட அங்கே பாறை அடுக்குகள் உண்மையிலேயே வெளிநோக்கிச் சாய்ந்திருக்கின்றன. "ரிச்சாட்டின் சாய்வுப் படம்" என்று எழுதினால் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

சாய்ந்திருப்பது நிலமன்று, பார்வை. ஆகவே "சாய்நோக்குப் படம்" என்பதை முன்வைக்கிறேன். நேர் கீழே பார்த்து எடுப்பதை "நேர்கீழ்ப் படம்" எனலாம்.

இரண்டையும் "விண்படம்" என்ற பொதுச்சொல்லில் அடக்கிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2009 ஜூன் 12 அன்று, குரில் தீவுகளில் உள்ள சாரிச்செவ் எரிமலை வெடித்த தொடக்கக் கட்டத்தில் நிலையம் அவ்வழியே கடந்தது. அப்போது எடுத்த படங்களில் பழுப்புச் சாம்பல் தூண் மேலெழுவதும், அதன் உச்சியில் வழுவழுப்பான வெண்முகில் தொப்பிபோல் கவிந்திருப்பதும், அடியில் சாம்பல் தரையோடு புரண்டு பரவுவதும் ஒருசேரத் தெரிகின்றன. நேர்கீழ்ப் படத்தில் அந்தத் தூணின் உச்சி மட்டுமே வட்டமாகத் தெரிந்திருக்கும். அதன் பக்கத்தோற்றத்தைக் காட்டியது சாய்நோக்கே. நகரும் நிலையத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்தவை என்பதால், அவற்றை இணைத்து முப்பரிமாணமாகவும் காண முடியும்.

உட்பிரிவுகளில்தான் கூடுதல் கவனம் தேவை. ஆங்கில வழக்கைப் பின்பற்றி "உயர்சாய்வு", "தாழ்சாய்வு" என்று பெயர்த்தால், கேமரா இருந்த உயரம் என்றே வாசகர் கொள்வார். உண்மையில் தொடுவானம் படத்துக்குள் வருகிறதா இல்லையா என்பதே அங்கு வேறுபாடு. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரே நிலையத்திலிருந்து ஒரே வீரர் இரு வகையையும் எடுக்கலாம். எனவே தொடுவானம் தெரிவதைத் "தொடுவான் சாய்நோக்கு" என்போம். மற்றதற்கு அடைமொழி வேண்டியதில்லை, "சாய்நோக்கு" என்பதே போதும்.

"நோக்கு" என்பது "நோக்கம்" என்ற பொருளையும் தருமே என்று சிலர் தயங்கலாம். "தொலைநோக்கி" அந்தத் தயக்கத்தை எப்போதோ கடந்துவிட்டது.