தானே புயல் நினைவுகள் பற்றிய புதிய பாட்காஸ்டுக்கு டிரெய்லர்: எதை வைப்பது, எதை விடுவது?

மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை நேரில் கண்டவர்களின் நினைவுகளைக் கொண்டு, நானும் புதுச்சேரியில் இருக்கும் என் தோழியும் ஒரு பாட்காஸ்ட் தொடங்க இருக்கிறோம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்புக்காரர் ஒருவர், தேவனாம்பட்டினத்துப் படகு உரிமையாளர் ஒருவர், சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்துவதற்காக வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே தங்கி வேலை பார்த்த மின்வாரியப் பணியாளர் ஒருவர் ஆகியோரிடம் விரிவாகப் பேசிப் பதிவு செய்துவிட்டோம்.

டிரெய்லர்தான் இன்னும் சரியாக அமையவில்லை. இப்போது கையில் இருப்பது இரண்டரை நிமிடம் ஓடுகிறது. அதன் தொடக்கம் இப்படி இருக்கிறது: “வணக்கம் நேயர்களே. வங்கக் கடலோரம் அமைந்துள்ள கடலூர் மாவட்டம், 2004இல் சுனாமி, 2011இல் தானே, 2015இல் பெருவெள்ளம் என்று அடுத்தடுத்து இயற்கைச் சீற்றங்களைச் சந்தித்த மாவட்டம். இந்த மண்ணின் மக்களுடைய குரலை உங்களிடம் கொண்டுவரும் சிறு முயற்சியே இத்தொடர்.” தகவலில் பிழை இல்லை என்றாலும், முன்பின் தெரியாத ஒருவர் இதைக் கேட்டுவிட்டு முதல் எபிசோடைத் தேடிப் போவார் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. டிரெய்லர் எவ்வளவு நேரம் இருக்கலாம், யார் குரலில் தொடங்கலாம், இசையும் புயல் ஓசையும் சேர்க்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை ஒலிப்பதிவாளர், புதுச்சேரி:

நீங்கள் எழுதிய தொடக்கம் தொடரைப் பற்றி விவரிக்கிறது. ஆனால் தொடர் எப்படி ஒலிக்கும் என்பது அதைக் கேட்பவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. மூன்று பேரிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறீர்கள். அந்தப் பதிவுகளிலிருந்து பத்துப் பதினைந்து நொடி எடுத்து முதலில் வையுங்கள்; வணக்கமும் அறிமுகமும் அதன் பிறகு வரட்டும்.

எந்தப் பத்து நொடி என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பேசுபவர் யார், எந்த ஊர், எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எதுவும் தெரியாதவருக்கும் அந்தத் துண்டு தனியாகப் புரிய வேண்டும். “அப்போதுதான் அவர் வந்தார்” என்று தொடங்கும் துண்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பயன்படாது, ஏனென்றால் அந்த ‘அவர்’ யார் என்பதைக் கேட்பவர் யோசித்து முடிப்பதற்குள் டிரெய்லரே முடிந்துவிடும். அடுத்ததாக, அந்தத் துண்டில் கண்ணால் கண்ட ஒன்று இருக்க வேண்டும். “மிகவும் கஷ்டப்பட்டோம்” என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் அந்த மனிதர் மட்டுமே சொல்லக்கூடியது எதுவும் இல்லை. பதிவு முழுவதையும் எழுத்தில் இறக்கி, காகிதத்தில் அடிக்கோடிட்டுத் தேடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. காதால் மட்டும் தேடினால் குரல் தழுதழுத்த இடங்களில்தான் மனம் போய் நிற்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நிமிடத்தைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. நம் பக்கத்தில் இது வாட்ஸ்அப் வழியாகத்தான் முதலில் பரவும் என்பதால், சிறியதாக இருப்பது அங்கேயும் நல்லது. அதற்கென்று முகப்புப் படத்தின்மேல் வசனங்கள் எழுத்தாக ஓடும் வீடியோ வடிவம் ஒன்றும் செய்துகொள்ளுங்கள். பலர் ஒலியை நிறுத்தி வைத்தபடியே பார்க்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் புயல் ஓசையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தானே புயலைக் கேட்ட காதுகள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. பொய்யான ஓசையை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள், அதன் பிறகு உண்மையான குரலையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். இசை வேண்டுமானால் ஒற்றை வாத்தியம், மெலிதாக, உங்கள் குரல் வரும் இடத்தில் மட்டும் போதும். சினிமாப் பாடல் ஒரு வரிகூட வேண்டாம். இலவச இசை என்று எடுப்பதற்கும் உரிமத்தை ஒருமுறை முழுமையாகப் படித்து, பெயர் குறிப்பிடச் சொல்லியிருந்தால் எபிசோட் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகி:

மிக்க நன்றி. எழுத்தில் இறக்கிப் பார்த்தபோது, முதல் கேட்பில் நாங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஓர் இடம் பலாத்தோப்புக்காரர் பேச்சில் கிடைத்தது. அதை வைத்துப் புதிதாக எழுதிய வரைவு இது:

தோப்புக்காரர் குரல்: “மரம் வுழுந்த சத்தம் ஒண்ணுகூட எனக்குக் கேக்கல. காத்துச் சத்தத்துல எதுவுமே கேக்கல. விடிஞ்சதும் கதவத் தொறந்தேன். எங்க வூட்டு வாசல்லேர்ந்து மெயின் ரோடு தெரிஞ்சதே கெடையாது. அன்னிக்குத் தெரிஞ்சிது.”

என் குரல்: “அவருடைய தோப்பில் இருந்த பலா மரங்கள் அனைத்தும் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. அந்த அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் முயற்சியாக இத்தொடரை உருவாக்கியுள்ளோம். வரும் மாதம் முதல் வெளியாகும். கேட்டு ஆதரவு தாருங்கள்.”

இது சரியான பாதையில் போகிறதா என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வானொலிக்காரன், திருப்பாதிரிப்புலியூர்:

அம்மா, அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்ததற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். மரம் என்ற சொல்லை முதல் வரியில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, கடைசியில் ரோடு தெரிந்தது என்று மட்டும் சொல்லி அந்த மனிதர் தோப்பு முழுவதும் போனதைக் காட்டிவிட்டார். அதற்கு மேல் உங்கள் முதல் வாக்கியம் அதையே விளக்குகிறது. அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். “தெரிஞ்சிது” என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு நொடி எதுவும் ஒலிக்காமல் விடுங்கள், இசையும் வேண்டாம். பதிவு செய்த இடத்தின் இயல்பான அமைதி அப்படியே தொடரட்டும். கேட்பவர் தாமாக அதைப் புரிந்துகொள்வதற்கு அந்த இரண்டு நொடி வேண்டும்.

உங்கள் பகுதி எழுதிப் படித்ததுபோல் இருக்கிறது. தோப்புக்காரர் பேசிய தமிழுக்குப் பக்கத்தில் ‘உருவாக்கியுள்ளோம்’ என்பது விலகி நிற்கும். உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். ஒரு வாக்கியம் ஒரு மூச்சுக்குள் முடியட்டும். அவருடைய ‘வுழுந்த’, ‘வூட்டு’ ஆகியவற்றையும் வீடியோ எழுத்தில் திருத்திவிடாதீர்கள், அது இந்த மாவட்டத்தின் பேச்சு. தொடரின் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம்: துண்டு முடிந்தவுடன் ஒருமுறை, கடைசி வாக்கியத்தில் ஒருமுறை. வானொலியில் நிலையத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் இருந்தது; பாதியில் வந்து சேர்பவருக்கும் அது தெரிய வேண்டும். ‘முயற்சி’, ‘ஆதரவு தாருங்கள்’ ஆகிய இரண்டும் வேண்டாம். உங்கள் தொடர் கேட்கத் தகுந்தது. அதைக் கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை.

பண்ருட்டியில் பிறந்தவன், இப்போது சென்னை:

எங்கள் குடும்பத்துக்கும் முந்திரி, பலா இரண்டும் இருந்தன என்பதால் இதை எழுதுகிறேன். டிரெய்லர் அந்தக் காலையிலேயே நின்றுவிட்டால், இது ஒரு பழைய துயரச் செய்தி என்று கேட்பவர் எண்ணிக் கடந்துவிடக்கூடும். உண்மையில் கதை அதன் பிறகுதான் நீள்கிறது. ஒட்டு முந்திரி மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். விதையிலிருந்து வளர்க்கும் பலா ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்தக் குடும்பங்கள் எதைக் கொண்டு வாழ்ந்தன, வயதானவர்கள் எந்த நம்பிக்கையில் மறுபடியும் கன்று வைத்தார்கள் என்பதை எல்லாம் உங்கள் தொடர் பேசுகிறது என்றால், அதை ஒரு வரியில் டிரெய்லரிலேயே சொல்லுங்கள். படகுக்காரர், மின்வாரியக்காரர் இருவரையும் ஒவ்வொரு வாக்கியமாவது கேட்க வைத்தால், இது ஒருவர் கதை அல்ல என்பதும் விளங்கிவிடும்.

முடித்த பிறகு, இந்தப் புயலைப் பற்றி அதிகம் அறியாத ஒருவரிடம், கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும் உறவினராக இருந்தால் நல்லது, ஒரே ஒருமுறை போட்டுக் காட்டி, “இது எதைப் பற்றிய நிகழ்ச்சி?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் மனத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் வெட்ட வேண்டும்.

முத்தியால்பேட்டை ஒலிப்பதிவாளர்:

இரண்டு பேர் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று குரல்கள் வந்தால் நேரம் ஒன்றேகால் நிமிடமானாலும் பரவாயில்லை. “வரும் மாதம் முதல்” என்பதை மட்டும் கவனியுங்கள். டிரெய்லர் வெளியீட்டோடு மறைந்துவிடும் விளம்பரம் இல்லை; ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் அது உங்கள் தொடரின் பக்கத்தில் மேலேயே இருக்கும், இரண்டு ஆண்டு கழித்து வருபவரும் முதலில் அதைத்தான் தொடுவார். ஆகவே கடைசி வாக்கியத்தை இரண்டு விதமாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்: வெளியீட்டுக்கு முன் தேதியோடு ஒன்று, பிறகு “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்” என்பதுபோல் பொதுவாக ஒன்று. எபிசோடுகளை ஏற்றி வைக்கும் ஹோஸ்டிங் தளங்களில் பெரும்பாலானவற்றில் எபிசோடை நீக்காமல் ஒலிக்கோப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பதிவேற்றும்போது எபிசோட் வகை என்ற இடத்தில் ‘டிரெய்லர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். விட்டுவிட்டால் அது சாதாரண எபிசோடாகப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆப்பிளில் தொடரைச் சேர்ப்பதற்கு உங்கள் தொடரின் ஓடையில் (ஆர்.எஸ்.எஸ். ஃபீட்) ஒரு பதிவாவது இருக்க வேண்டும், அதற்கு டிரெய்லரே போதும். சரிபார்த்து ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், முதல் எபிசோடுக்கு இரண்டு வாரம் முன்பே டிரெய்லரை ஏற்றிவிடுங்கள். முகப்புப் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். ஒலி அளவுக்கு ஆப்பிளின் பரிந்துரை மைனஸ் 16 எல்.கே.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற வசதியைக் கொண்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். பிறகு அதைக் கடலூர்–புதுச்சேரி பேருந்தில் போகும்போது சாதாரண இயர்போனில் கேட்டுப் பாருங்கள். தோப்புக்காரரின் கடைசி வார்த்தை அந்த இரைச்சலிலும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வானொலிக்காரன்:

இன்னும் ஒன்று, அம்மா. அந்தப் பெரியவர் உங்களிடம் நீண்ட நேரம் பேசுவதற்குத்தான் சம்மதித்தார்; அந்தப் பேச்சிலிருந்து சில வரிகள் மட்டும் தனியாகப் பிரிந்து, ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பதற்கு அவர் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது. முடிந்த டிரெய்லரை நேரில் எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டில் உள்ளவர்களும் இருக்கும்போது போட்டுக் காட்டி, இதை எங்கெல்லாம் போடப்போகிறீர்கள் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் படகுக்காரர் பதிவில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்; அதற்கும் நேரம் வேண்டும் என்பதால், தேதியை அறிவிப்பதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள்.