காலிக் கோட்டையில் தமிழ்க் கல்வெட்டு எங்கே?

கிளிநொச்சிக்காரன்:
போன கிழமை அம்மாவோடு இலங்கையின் தென்கரையில் இருக்கிற காலிக்குப் போய் நாலு மணித்தியாலம்தான் நின்றோம். 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, பிறகு ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை, மதிலில் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டு வீடுகள். ஒல்லாந்தர் தேவாலயத்தில் தரையெல்லாம் கல்லறைக் கற்கள், அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தா. தமிழ் எழுதிய அந்த மும்மொழிக் கல்வெட்டை மட்டும் எங்கேயும் காணவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வவுனியா அண்ணை:
தம்பி, 1911இல் காலியில் கண்டெடுத்ததுதான், ஆனால் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டுத் திகதி. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீக மொழியில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு. அவர் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வம். 600 வருசத்துக்கு முதல் அந்தத் தென்கரையில் தமிழ் வாசிக்க ஆள் இருந்திருக்கிறது, பாருங்கோ!

முல்லைத்தீவு:
அடுத்த முறை மதிலில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஏறுங்கோ, மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும். தேத்தண்ணியை வெளியே பஸ் நிலையப் பக்கம் குடியுங்கோ, உள்ளே விலை கேட்டு எனக்கு விக்கலே வந்தது.

கிளிநொச்சிக்காரன்:
நன்றி அண்ணை. கொழும்பில் ரயில் மாறும்போது இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்தோமே, சே!